நிரப்பிய நிலத்தின் தவளைகள்

மாளிகாவத்தையின் தாழ்ந்த பக்கம் ஒரு காலத்தில் சதுப்பு. கெத்தாராம விகாரையின் பிக்குமார் தோணியில் போய்வந்த நீர்ப்பரப்பு அது. அதை நிரப்பித்தான் ஆர். பிரேமதாச மைதானத்தைக் கட்டினார்கள். 1986 பெப்ரவரி 2ஆம் திகதி அங்கே முதல் ஆட்டம் நடந்தது. இலங்கை பி அணியும் இங்கிலாந்து பி அணியும் ஆடின. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாக, 1971இல், அதே பெப்ரவரி 2ஆம் திகதி ஈரானின் ரம்சார் நகரில் ஈரநிலங்களைக் காக்கும் உலக உடன்படிக்கை கையெழுத்தானது. இன்று அந்த நாள்தான் உலக ஈரநில தினம். இலங்கை அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது 1990இல். இரண்டும் ஒரே நாளில் விழுந்தது தற்செயல்தான். ஆனாலும் அது என் மனதை விட்டுப் போவதில்லை.

மைதானத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1997 ஓகஸ்டில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை 6 விக்கெட்டுக்கு 952 ஓட்டங்கள் குவித்ததும் சனத் ஜயசூரிய 340 அடித்ததும் இங்கேதான். அந்த நாட்களில் எங்கள் தொடர்மாடியில் ஸ்கோர் தெரியாத ஆள் இருக்கவில்லை. நான் நினைப்பது மைதானத்துக்கும் எங்கள் வீடுகளுக்கும் கீழே கிடக்கும் மண்ணைப் பற்றி. தாழ்நிலத்தை எவ்வளவு நிரப்பினாலும் மழை நாளில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது. தண்ணீர் வந்தால் அதன் குடிகளும் வந்துவிடுகின்றன: தவளை, தேரை, தண்ணீர்ப் பாம்பு, கபரகொய்யா என்ற நீருடும்பு. நமக்கு முன்னால் இங்கே இருந்தவை.

*

கனமழை ஓய்ந்த இரவு. இஷா முடிந்து, கடைகள் இறங்கி, ஓட்டோக்களும் அடங்கிய பிறகு படிக்கட்டில் நின்று கேட்டால் இந்த ஊரில் எத்தனை குரல்கள்.

முதலில் தேரை. இழுத்து, விடாமல் உருளும் குரல். ஒன்று தொடங்கினால் வடிகானின் மறுமுனையில் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். அதற்குக் கீழே அடித்தொண்டையில் எழும் கனத்த குரல் ஒன்று உண்டு. யூப்பெரோடன் தப்ரோபானிக்கஸ் என்று அந்தக் குரலுக்குரிய தவளையை அறிவியல் அழைக்கிறது. உருண்ட உடம்பு, முதுகில் செங்கல் நிறத் திட்டுகள். வறண்ட மாதங்களில் பின்கால்களால் மண்ணைத் தோண்டிப் பின்பக்கமாகவே புதைந்து கிடக்கும்; எறும்பும் கறையானும் அதன் உணவு. முதல் பெருமழையில் வெளியே வந்து, தேங்கிய தண்ணீரில் மிதந்தபடி கத்தும். நாலு நாள் கழித்துத் தேடினால் இருக்காது. அது எங்கும் போகவில்லை, நம் காலடியில்தான் இருக்கிறது.

மூன்றாவது குரல் செடிவேலிக்குள்ளிருந்து வருகிறது. சின்னஞ்சிறு சொடுக்கு. ஒரு சொடுக்கு, நிறுத்தம், பிறகு இரண்டு. பூச்சி என்று நினைத்து எல்லாரும் கடந்து போவார்கள்.

கத்துவது ஆண்கள்தான். ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் குரல். பெண் தன் இனத்தின் குரலைக் கேட்டுத்தான் வருகிறது. அதனால் தவளை ஆய்வாளர் கண்ணைவிடக் காதை நம்புகிறார். இரவில் ஒலிப்பதிவுக் கருவியோடு நின்று, குரலைப் பதிந்து, அந்த நேரத்து வெப்பநிலையையும் குறித்துக்கொள்கிறார். குளிர் கூடினால் கத்தும் வேகம் குறையும் என்பதால் வெப்பநிலை இல்லாத பதிவு அரைப் பதிவு. நுணலும் தன் வாயால் கெடும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பாம்பின் பக்கம் நின்று பார்த்தால் அது சரி. இந்த ஆய்வாளர்களின் பக்கம் நின்று பார்த்தால், பல தவளைகள் உலகத்துக்குத் தெரியவந்ததே அந்த வாயால்தான்.

*

வேலிக்குள் சொடுக்கும் அந்தச் சிறு தவளையின் பெயர் சூடோபிலாட்டஸ் பொப்யூலாரிஸ். நீளம் ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர். இலங்கையின் தாழ்நில ஈரவலயம் எங்கும், வீட்டு வளவுகளிலும், இருக்கிறது. இலங்கையைத் தவிர வேறு எங்கும் இல்லை.

இதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது 2005இல். கேலும் மனமேந்திர ஆரச்சியும் ரொஹான் பெத்தியாகொடவும் எழுதி, சிங்கப்பூரில் வெளியான ஒரே ஆய்வில் 27 புதிய புதர்த்தவளை இனங்கள் விபரிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று இது. பரவலாகக் காணப்படுவதால்தான் அந்தப் பெயர்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். போர்த்துக்கேயர் வந்தார்கள், ஒல்லாந்தர் கால்வாய் வெட்டினார்கள், ஆங்கிலேயர் 1877இல் கொழும்பில் நூதனசாலை திறந்தார்கள், நாடு சுதந்திரம் பெற்றது, மைதானம் எழுந்தது. அத்தனை காலமும் மனிதர் வாழ்ந்த வளவுகளிலேயே ஒரு தவளை ஒவ்வொரு மழைக்கும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்னதென்று அதைப் பிரித்தறிய 2005 வரை ஆனது. மலைக்காட்டின் உச்சியில் ஒளிந்திருந்த உயிருக்கு இப்படி நடந்திருந்தால் வியப்பில்லை. இது வாசல் செடியில் இருந்தது.

இந்த வகைப் புதர்த்தவளைகளுக்கு வாற்பேத்தைப் பருவம் கிடையாது. பெண் ஈர மண்ணில் முட்டையிடுகிறது. குஞ்சு முட்டைக்குள்ளேயே முழு வளர்ச்சி அடைந்து, நாலு காலோடு, குட்டித் தவளையாகவே வெளியே வருகிறது. ஆகையால் இதற்குக் குளம் தேவையில்லை, ஓடையும் தேவையில்லை. ஒரு செடி, அதன் அடியில் உதிர்ந்த இலை, இலையின் கீழ் நனைந்த மண். அவ்வளவுதான் இது நம்மிடம் கேட்பது. அதையும் நாம் இன்டர்லொக் கல் பதித்து மூடிக்கொண்டிருக்கிறோம். முற்றம் சுத்தமாகத் தெரிகிறது. கான்கிரீட்டின் மேல் முட்டையிட அந்தத் தவளையால் முடியாது.

*

1957இல் பராக்கிரம கீர்த்திசிங்க இலங்கையின் ஈரூடகவாழிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இருந்த இனங்கள் நாற்பதுக்கும் குறைவு. 1990களில் பெத்தியாகொடவின் வனவிலங்கு மரபுரிமை அறக்கட்டளை மழைக்காடுகளையும் மலைகளையும் இரவிரவாகத் துழாவியது. உடலமைப்பு, குரல், மரபணு மூன்றையும் வைத்து மாதவ மீகஸ்கும்புரவும் உடன் உழைத்தவர்களும் 2002இல் சயன்ஸ் இதழில் எழுதியபோது, இந்தத் தீவில் நூறுக்கு மேற்பட்ட தவளை இனங்கள் இருக்கின்றன என்பது தெரியவந்தது. இன்று ஏறத்தாழ 120. பத்தில் ஒன்பது இலங்கைக்கு மட்டுமே உரியவை.

கணக்கு கூடியது மகிழ்ச்சி. ஆனால் அதே ஆய்வுகள் இன்னொரு கணக்கையும் கொண்டுவந்தன. பெயர் பெற்றவற்றுள் பல ஏற்கனவே இல்லை. அவற்றின் உடல் மட்டும் லண்டனிலும் பிற நகரங்களிலும் நூதனசாலைப் போத்தல்களில் மதுசாரத்தில் கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ பிடித்து அனுப்பியவை. நிறம் வெளிறிவிட்டது. குரல் எப்படி இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. உலகத்தில் அழிந்துபோனவை என்று பட்டியலிடப்பட்ட தவளை தேரைகளில் ஏறத்தாழப் பாதி இந்தச் சிறிய தீவுக்குரியவை. இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

எப்படி அழிந்தன என்று கேட்டால் பதில் மலைநாட்டில் இருக்கிறது. 1830களிலிருந்து கோப்பிக்காகக் காடு விழுந்தது. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் பிடித்தது, பிறகு தேயிலை. ஒரு மலைச்சரிவில் மட்டும் வாழும் தவளைக்கு அந்தச் சரிவுதான் உலகம். அது வெட்டப்பட்டால் ஓட வேறு இடம் இல்லை.

வெட்டிய கைகள் பெரும்பாலும் நம் மொழி பேசிய கைகள். தமிழ்நாட்டிலிருந்து மன்னாரில் கரையிறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள். வழியில் மடிந்த எத்தனையோ பேரின் பெயர்கள் எழுதப்படவில்லை. அவர்கள் வெட்டிய காட்டில் மடிந்த உயிர்களுக்கும் அப்போது பெயர் இல்லை. இந்த இரண்டு இழப்பையும் நான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. மனித உயிர் வேறு. ஆனால் இரண்டுக்கும் கணக்குக் கேட்க வேண்டிய இடம் ஒன்றுதான். காடு யாருக்காக வெட்டப்பட்டதோ அவர்களிடம். கோடரி பிடித்தவனிடம் அல்ல.

*

எட்வர்ட் கெலார்ட் கொழும்பில் பிறந்த பறங்கியர். இராணுவ வைத்தியர். 1852இல் இலங்கை விலங்குகளைப் பற்றி முதல் தொகுப்பு நூல்களில் ஒன்றை எழுதினார். அதற்கு அடுத்த ஆண்டு அவர் விபரித்த ஒரு தவளை, உடம்பில் வெண்புள்ளிகள் சிதறிய புதர்த்தவளை, பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே எழுதினார்கள்.

2009இல் சிவனொளிபாத மலையின் காட்டில் அது கண்டுபிடிக்கப்பட்டது. எங்கள் வீட்டில் அந்த மலையைப் பாவா ஆதம் மலை என்போம். மெண்டிஸ் விக்கிரமசிங்கவும் உடனிருந்தவர்களும் 2013இல் இந்தக் கண்டுபிடிப்பைப் பதிப்பித்தார்கள். அதே மலைத்தொடரில், 1872இல் விபரிக்கப்பட்டுப் பிறகு காணாமற்போன ஒரு சிறிய தேரையும் அகப்பட்டது.

நான் இதில் எடுத்துக்கொள்வது ஆறுதலை அல்ல. அந்தக் காடு பாதுகாக்கப்பட்ட காடு. மலை புனிதமானது என்று நாலு மதத்தவரும் ஒப்புக்கொண்ட இடம். அதனால் தவளை தப்பியது. இல்லை என்று எழுதிய பிறகும் தேடிப் போக ஆட்கள் இருந்தார்கள். இரண்டும் சேர்ந்து அமைந்த இடங்கள் மிகக் குறைவு.

*

கால்வாய் ஓரம்.

கபரகொய்யா நீந்துவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கும். நாலு காலையும் உடம்போடு ஒட்டிவைத்து, வாலை மட்டும் இடமும் வலமும் அசைத்து, தலையை நீருக்கு மேலே வைத்துப் போகும். அவசரமே இல்லை. நாக்கை நீட்டி நீட்டி மணம் பிடிக்கும். செத்த மீன், எலி, நண்டு, வீசியெறிந்த கோழிக்குடல், எல்லாவற்றையும் தின்னும். சென் செபஸ்டியன் கால்வாயிலும் தெமட்டகொடைக் கால்வாயிலும் நாம் போடுவதையெல்லாம் சம்பளம் இல்லாமல் அள்ளுவது அதுதான்.

ஒரு பையன் கல்லோடு நின்றான்.

"ஏன் மகன் அடிக்கிற?"

"அது விஷம் மாமா. துப்பினா தோல் வெந்திடும்."

"துப்பாது மகன். பிடிக்கப் போனா கடிக்கும், வாலால அடிக்கும். கடிச்சா காயம் பழுக்கும். நீ கிட்டப் போகாட்டி அது உன் பக்கமே வராது."

கல்லைக் கீழே போட்டான். நம்பிப் போட்டானா, என் வயதுக்காகப் போட்டானா தெரியாது.

விஷம் என்ற பேச்சு பழையது. எமர்சன் டெனன்ட் 1861இல் எழுதிய இலங்கை இயற்கை வரலாற்றில், கபரகொய்யாவையும் பாம்புகளையும் வைத்துக் கொடிய நஞ்செண்ணெய் காய்ச்சுவார்கள் என்ற கதையைப் பதிந்திருக்கிறார். அதற்கும் முன்னால், கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் இரண்டு உடும்புகளைப் பற்றிச் சொல்கிறார். தலகொய்யாவின் இறைச்சியை மக்கள் விரும்பித் தின்கிறார்கள். கபரகொய்யாவை யாரும் தின்பதில்லை. நிலைமை பெருமளவில் இன்றும் அதுதான். தலகொய்யா மனிதரைக் கண்டால் ஓடி மறைகிறது. கபரகொய்யா கொழும்பு நகரத்தின் நடுவே வீதியைக் கடக்கிறது, வாகனங்கள் நின்று வழிவிடுகின்றன. ஒரு பொய்யான பயம் ஓர் இனத்தைச் சட்டியிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கல்லிலிருந்து காப்பாற்றவில்லை. சட்டம் அதைக் காக்கிறது. வனஜீவராசிகள் சட்டத்தின்படி அதைக் கொல்வது குற்றம். பயத்தை நம்பியிருக்க வேண்டாம், சட்டம் போதும், அதைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் பெரியவர்கள் வேண்டும்.

*

உம்மா இருந்த காலத்தில் பாத்ரூமுக்குள் மரத்தவளை வந்தால் கத்த மாட்டார். நீண்ட கால்கள், முதுகில் மணற்கடிகை போல ஒரு குறி, விரல் நுனியில் ஒட்டும் தட்டு; கண்ணாடியில் அப்பிக்கொண்டு இருக்கும். பால்பேணி ஒன்றால் மெதுவாக மூடி, அடியில் கடதாசியைச் செருகி, வெளியே கொண்டுபோய் விடுவார். "அடிக்காதீங்க, அதுவும் தஸ்பீஹ் ஓதுது" என்பார்.

தவளையை மருந்தில் சேர்க்கலாமா என்று ஒரு வைத்தியர் கேட்டபோது, அதைக் கொல்ல வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) தடுத்ததாக அபூதாவூத் தொகுப்பில் ஒரு ஹதீஸ் வருகிறது. உம்மா அதைப் படித்திருப்பாரோ என்னவோ, அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த ஊரில் ஜும்ஆ பயானில் இந்த ஒரு ஹதீஸை வருடத்துக்கு ஒருமுறை, பருவமழை தொடங்கும் மாதத்தில் சொன்னால் எவ்வளவோ பயன் உண்டு.

அந்த மரத்தவளை தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, இலையிலோ சுவரிலோ நுரையால் கூடு கட்டும். முட்டைகள் நுரைக்குள் இருக்கும். பொரிந்த வாற்பேத்தைகள் நுரை கரைந்து கீழே தண்ணீரில் விழும். டெங்கு வந்த நாளிலிருந்து தொட்டியில் எதைக் கண்டாலும் மக்களுக்குப் பயம். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2017இல் இந்த நாட்டில் 186,000 பேருக்கு டெங்கு. இந்த ஊரிலும் வார்டில் இடம் இல்லாமல் அலைந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் டெங்கு நுளம்பு பெருகுவது பூச்சாடித் தட்டிலும் பழைய டயரிலும் யோகட் கோப்பையிலும். மீனும் தவளையும் தும்பிக் குடம்பியும் வாழும் சதுப்பில் அதற்கு அவ்வளவு எளிதான வாழ்க்கை இல்லை. டயரை அகற்றுங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சதுப்பை நிரப்புங்கள் என்று சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். நோய்க்கும் அந்த யோசனைக்கும் தொடர்பில்லை.

*

பாம்பைப் பற்றி எழுதாமல் விடமுடியாது. 2016இல் வெளியான நாடு தழுவிய வீட்டாய்வு ஒன்றின்படி இலங்கையில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. 400க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். வயலில் குனிந்து நிற்பவர்கள்தான் அதிகம். நம்மிடம் உள்ள நஞ்சுமுறி மருந்து இந்தியாவில், இந்தியப் பாம்புகளின் நஞ்சை வைத்துத் தயாரானது. இங்கே பலரைக் கடிக்கும் கூம்புமூக்கு விரியனுக்கு அது வேலை செய்வதில்லை. ஆகவே பாம்பைக் கண்டு நடுங்கும் விவசாயியைப் பார்த்து இயற்கையை நேசியுங்கள் என்று கொழும்பிலிருந்து சொல்ல எனக்கு மனம் வராது. இந்தத் தீவின் பாம்புகளுக்கென்றே ஒரு நஞ்சுமுறி வேண்டும். ஊர்வன ஆய்வு என்பது அதுவும்தான். எந்தப் பாம்பு எங்கே வாழ்கிறது, அதன் நஞ்சு எப்படிப்பட்டது என்று தெரியாமல் மருந்து வராது.

ஆனால் எங்கள் தெரு வயல் அல்ல. இங்கே தடியோடு பத்துப் பேர் சேர்ந்து அடித்துக் கொல்வது பெரும்பாலும் சாரையை. இல்லாவிட்டால் கால்வாயிலிருந்து ஏறி வந்த தண்ணீர்ப் பாம்பை. இரண்டுக்கும் நஞ்சு இல்லை. சாரை தின்பது எலியை. எலிக்காய்ச்சலில் ஆள் போன ஊரில் சாரையை அடிப்பது நம் கையால் நாமே எலிக்கு உதவுவது.

*

கொழும்பு தன் குப்பையையும் தன் ஏழைகளையும் வைத்த இடம் சதுப்பு. மலிவான நிலம் அதுதான். கொலன்னாவைப் பக்கம் மீத்தொட்டமுல்லையில் அப்படித்தான் குப்பை மலையானது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று, அந்த மலை வீடுகளின் மேல் சரிந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மண்ணுக்கு அடியில் தண்ணீர் இருக்கும் இடத்தில் குப்பையைக் குவித்தால் அது நிற்காது என்பதற்குப் பொறியியலாளர் தேவையில்லை. அந்தப் பகுதி மக்கள் அதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

1968இல் கொழும்பின் தாழ்நிலங்களை நிரப்பி மீட்பதற்கென்றே சட்டத்தால் ஒரு சபை அமைந்தது. அன்று சதுப்பு என்றால் வீண் நிலம். 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் பாராளுமன்ற வளாகமே தண்ணீருக்குள் போன பிறகுதான், சதுப்பு என்பது வெள்ளத்தை வாங்கி வைக்கும் இடம் என்று மேலிடத்துக்கு உறைத்தது. அந்தச் சபையின் வழிவந்த கூட்டுத்தாபனமே இப்போது தலவத்துகொடையில் ஈரநிலப் பூங்கா நடத்துகிறது. இது நல்ல மாற்றம், மனதார வரவேற்கிறேன். 2018இல் உலகின் முதல் ஈரநில நகரங்கள் பதினெட்டில் ஒன்றாகக் கொழும்பு அங்கீகரிக்கப்பட்டது. தலைநகரம் ஒன்றுக்கு இது பெரிய கௌரவம்.

கௌரவத்தை வைத்திருப்பது கடினம். பூங்காக்களில் மரப்பாலம் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, காலையில் நடக்க ஆட்கள் வருகிறார்கள். பலகை இல்லாத சதுப்புகளும் இருக்கின்றன. பேஸ்லைன் வீதிக்கு அப்பால், வேலிகளுக்குப் பின்னால். அங்கே ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு நிரம்புகிறது. நிரப்பியதை யாரும் பார்ப்பதில்லை, அடுத்த வெள்ளத்தில் எங்கள் கீழ்மாடி வீடுகளுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் கூடுகிறது. தவளைக்கு எது நடக்கிறதோ அதுவே அந்த வீடுகளில் இருப்பவர்களுக்கும் நடக்கிறது.

அந்தச் சதுப்புகளில் ஒரு பச்சைத் தவளை உண்டு, உள்ளங்கையை நிரப்பும் அளவு. தவளை என்றால் பூச்சி தின்னும் என்றுதான் படித்திருக்கிறோம். இது வளர்ந்த பிறகு நீர்ச்செடிகளின் இலையைத் தின்கிறது. தென்னிந்தியாவில் இந்திரனில் தாஸ் இதன் இரைப்பையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். உலகத்துத் தவளைகளில் இப்படி இலை தின்பவை மிக அரிது. அப்படியொன்று தலைநகரின் எல்லையில், ஆகாயத்தாமரைக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது.

*

மையவாடியில் ஜனாஸா அடக்கிவிட்டு எல்லாரும் போன பிறகு கொஞ்சம் நிற்பேன். இந்த நெரிசலில் மூடப்படாத மண் மிச்சமிருக்கும் இடம் அது. மீஸான் கல்லின் மேல் ஓணான் தலையை ஆட்டும். சருகுக்குள் அரணை ஓடும் சத்தம். வாப்பாவின் கபுறுப் பக்கம் ஒரு தேரையைக் கண்டிருக்கிறேன்; மண் நனைந்திருந்தது. இறந்தவர்களின் இடத்தில் இவ்வளவு உயிர் இருப்பது எனக்கு நிம்மதி.

*

2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கியபோது 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. பிறகு வந்த வாரங்களில் இறந்த கடலாமைகள் கரையொதுங்கின. நானூறுக்கு மேல். உலகில் உள்ள ஏழு கடலாமை இனங்களில் ஐந்து இலங்கைக் கரையில் முட்டையிடுகின்றன. நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, வரைந்து, 1939இல் பெரிய நூலாக்கினார். அவர் நின்ற அதே கரையில் அவை அழுகிக் கிடந்தன. இதைப் பற்றி மேலே எழுத எனக்கு வார்த்தை வரவில்லை.

*

2023இல் வெளியான உலகக் கணிப்பின்படி ஈரூடகவாழிகளில் 41 வீதம் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. ஊர்வனவற்றில், 2022இன் கணிப்புப்படி, 21 வீதம். முதுகெலும்புள்ள பிராணிகளில் ஈரூடகவாழிக் கூட்டமே மிக மோசமான நிலையில். அதன் தோலும் ஒரு காரணம். தோலால் தண்ணீர் குடிக்கிறது, தோலாலும் மூச்சு விடுகிறது, தண்ணீரில் உள்ள எந்த நஞ்சும் நேரே உள்ளே போகிறது.

அன்சிலம் டி சில்வா தன் வாழ்நாளை இந்த உயிர்களுக்குக் கொடுத்தவர். ஈரூடகவாழி, ஊர்வன ஆய்வுக்கென்றே ஓர் அமைப்பை நிறுவினார். அதன் இதழுக்கு இந்தத் தீவுக்கே உரிய ஓர் ஓணானின் பெயரை வைத்தார். அவரிடம் கற்றவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் இன்று இரவுகளில் காட்டில் நிற்கிறார்கள். அவர்களின் அறிவு தமிழிலும் வரவேண்டும். மாளிகாவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழில் படிக்கும் பிள்ளை, வேலிக்குள் சொடுக்கும் தவளையின் பெயரைத் தன் மொழியில் வாசிக்க வேண்டும். பெயர் தெரிந்த பிள்ளை கல்லெடுக்காது.

*

ஊரவர்களுக்கு:

தவளையின் மேல் உப்புப் போடாதீர்கள். உப்பு அதன் உடம்புத் தண்ணீரை உறிஞ்சி, துடிக்கத் துடிக்கக் கொல்கிறது. ஒரு பால்பேணியும் ஒரு கடதாசியும் போதும். முற்றம் முழுவதும் கல் பதிக்க வேண்டாம், ஒரு மூலையை மண்ணாகவும் சருகாகவும் விடுங்கள். கால்வாயில் கபரகொய்யா போனால் போகவிடுங்கள். வீட்டுக்குள் பாம்பு வந்தால் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் கட்டிறுக்காமல், கீறாமல், நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மாநகரத்தை ஆள்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கொலன்னாவைச் சதுப்பில் இனி ஒரு லொறி மண்கூடக் கொட்டக்கூடாது.